ஆர்சி2014 மினி: நான்கு வருஷம் கூடவே இருந்த இசட்80 போர்டு

ஆர்சி2014 மினி என்ற, நாமே சாலிடர் செய்து கட்டும் சின்னக் கணினிக் கிட்டை வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. இங்கிலாந்தின் ஸ்பென்சர் ஓவன் 2014இல் ரெட்ரோசேலஞ்ச் என்ற பழைய கணினிப் பிரியர்களின் போட்டிக்காகச் செய்த கணினியின் வழியில் வந்தது இது. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மினியில் எல்லாமே ஒரே போர்டில் அடங்கிவிடும். மூளையாக இசட்80 என்ற பழைய பிராசஸர் சிப், 32 கேபி ரேம், பேசிக் நிரல்மொழி உள்ள ரோம், வேறொரு கணினியின் டெர்மினல் திரையோடு பேச 68பி50 சீரியல் சிப், அவ்வளவுதான். கடிகார வேகம் 7.3728 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 73,72,800 துடிப்புகள். இது என்ன விநோதமான எண் என்று முதலில் தோன்றியது. 64ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 115200 வரும், நொடிக்கு அத்தனை பிட் என்பதுதான் சீரியல் வேகம். அதற்கென்று தனிக் கிரிஸ்டலே வேண்டாம்.

சாலிடர் செய்து முடிக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. மின்சாரம் கொடுத்தால் திரை வெறுமையாகவே இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ரோம் சாக்கெட்டின் ஒரு காலில் ஈயம் காலைப் பிடித்திருந்தது, போர்டைப் பிடிக்கவில்லை. சாலிடரிங் அயர்ன் முனையை ஒரு நொடி வைத்தேன், திரையில் "மெமரி டாப்?" என்று பேசிக் கேட்டது. இந்தப் போர்டின் மேல் எனக்கு இருக்கும் பிரியமெல்லாம் இதனால்தான். பழுது எதுவானாலும் கடைசியில் கை வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில்தான் இருக்கும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீளமான பேசிக் நிரலை டெர்மினலில் ஒட்டினால் நடுநடுவே எழுத்துகள் காணாமல் போகும். போர்டைச் சந்தேகப்படாதீர்கள். டெர்மினலில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோலை, அதாவது போர்டு தயாராகும்வரை அனுப்பாமல் காத்திருக்கும் வசதியை, ஆன் செய்தால் சரியாகிவிடும். எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது.

அப்புறம் விரிவாக்கம். கூடுதல் கார்டுகளைச் செருகும் ஸ்லாட் பலகையான பேக்பிளேனில் கார்டுகள் கூடக்கூட, ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் ஆக ஆரம்பித்தது. 5 வோல்ட் இருக்க வேண்டிய கடைசி ஸ்லாட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 4.6 வோல்ட்தான் காட்டியது. மெல்லிசான யுஎஸ்பி ஒயர்தான் காரணம். தடிமனான ஒயருக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் இந்தப் போர்டில் ஓட 64 கேபி ரேம் வேண்டும், தொடங்கியதும் ஒதுங்கி ரேமுக்கு இடம்விடும் ரோமும் வேண்டும். அதற்கான மேம்பாட்டுக் கிட் வாங்கிப் போட்டேன், சிக்கலில்லை. வட்டுக்குப் பதிலாகப் போடும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுகளில் மட்டும் சில ஒத்துவராது, இரண்டு மூன்றை மாற்றிப் பாருங்கள்.

இசட்80ஐ உருவாக்கிய ஸிலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் தனி இசட்80 சிப்பின் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. கைவசம் ஒன்று இருக்கட்டுமே என்று இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கினேன். மேலே இசட்84சி0010 என்று அச்சு, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும், குறைவாக மின்சாரம் இழுக்கும் சிமாஸ் வகைச் சிப். ஓடத்தான் செய்தது, ஆனால் தொட்டால் சுட்டது. அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும் பழைய என்மாஸ் வகைச் சிப்பையும் சிமாஸையும் பிரித்துக்காட்ட ஒரு வழி உண்டு. ஆவணத்தில் இல்லாத ஈடி 71 என்ற கட்டளை என்மாஸில் 0 அனுப்பும், சிமாஸில் 255 அனுப்பும். எட்டு எல்இடி உள்ள ஐஓ கார்டைச் செருகி, ஸ்டீபன் கசின்ஸ் எழுதிய ஸ்மால் கம்ப்யூட்டர் மானிட்டர் என்ற, நினைவகத்தில் நேரடியாகக் கட்டளை எழுத உதவும் நிரலில் ஐந்தே பைட் தட்டினேன். கிட்டோடு வந்த அசல் சிப்பில் எட்டு விளக்கும் எரிந்தன. புதிதாக வந்ததில் ஒன்றுகூட எரியவில்லை. பழைய என்மாஸ் சிப்பின் முகத்தைச் சுரண்டி மறுபடி அச்சடித்து விற்றிருக்கிறார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

சேர்த்ததிலேயே மனசுக்கு நெருக்கமானது டிஎம்எஸ்9918ஏ வீடியோ கார்டு, ஜே.பி. லாங்ஸ்டன் வடிவமைத்தது. 256க்கு 192 புள்ளிகள், 15 நிறங்கள், தனியாக 16 கேபி வீடியோ ரேம். எண்பதுகளின் எம்எஸ்எக்ஸ் வீட்டுக் கணினிகளில் இருந்த அதே சிப். ஆனால் எம்எஸ்எக்ஸுக்கு எழுதிய நிரலை அப்படியே ஓட்டினால் படத்தில் ஓட்டை ஓட்டையாக விழும். திரை வரையப்படும்போது ஒரு பைட்டை வாங்கிக்கொள்ள இந்தச் சிப்புக்கு 8 மைக்ரோசெகண்ட் வரை வேண்டும். 3.58 மெகாஹெர்ட்ஸ் எம்எஸ்எக்ஸில் அது 29 துடிப்புகள், நம் போர்டிலோ 59. அவ்வளவு நேரம் இசட்80 சும்மா காத்திருக்க வேண்டும். எழுதும் கட்டளைகளுக்கு நடுவே தாமதம் சேர்த்த பிறகுதான் படம் முழுசாக வந்தது.

அதன் பிறகு தமிழ் எழுத்து வரையாமல் இருக்க முடியவில்லை. இந்தச் சிப்பின் கட்டம் 8க்கு 8 புள்ளி. அதில் "அ" அடங்காது. நான்கு கட்டம் சேர்த்து 16க்கு 16 ஆக்கினால் வ, க, ம நன்றாக உட்காரும். "ண" மட்டும் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு நின்றது. அதை 24 புள்ளி அகலமாக்கி ஆறு கட்டம் கொடுத்தேன். ஆக வணக்கத்துக்கு 22 கட்டங்கள், 176 பைட். இப்போது அது சிபி/எம்மில் சின்னதாக ஒரு நிரல். ஏ> குறிக்குப் பக்கத்தில் நிரலின் பெயரைத் தட்டினால், மேசை ஓரத்தில் இருக்கும் பழைய டிவியில் பச்சை நிறத்தில் வந்து நிற்கிறது.