சீஸுக்குத் தராசு: நெடுநாள் பாவனையில் தெரிந்தவை

அமெரிக்கச் சமையல் குறிப்பில் ஒரு கப் துருவிய செடார் சீஸ் என்று இருந்தால் அது ஏறத்தாழ 113 கிராம். அந்தக் கப் 237 மி.லீ. கொள்ளும். அதே கொள்ளளவில் துருவாத செடார் கட்டி 250 கிராமைத் தாண்டும். ஆக, துருவல் நிரப்பிய கப்பில் பாதிக்கு மேல் காற்று. கப்பால் அளந்து சீஸ் கணக்கு பிசகுவதெல்லாம் இந்தக் காற்றால்தான்.

யாழ்ப்பாணத்து வெக்கையில் இது இன்னும் மோசம். மத்தியானத்தில் பிரிஜ்ஜில் இருந்து எடுத்த செடார் கொஞ்ச நேரத்திலேயே இளகிவிடும். துருவல் ஒன்றோடொன்று ஒட்டி அமர்ந்தால் அதே கப்பில் 30, 40 கிராம் கூடுதலாகப் போய்விடும். வெள்ளைச் சோஸில் எண்ணெய் பிரிந்து மணல்மணலாகத் திரள்வதற்கு அது போதும். அரைக் கிராமுக்கு மேல் உப்பும் சேர்ந்து வரும். துருவமுன் 15 நிமிடம் பிரீசரில் வைத்தால் இழை உதிரியாக விழும். பொதியில் வரும் துருவிய சீஸில் மாப்பொருள் தூவியிருப்பதால் அவ்வளவாக ஒட்டாது.

பார்மசான் என்ற கெட்டிச் சீஸில் துருவியின் கண்தான் எல்லாம். சிறிய கண்ணில் தூளாகத் துருவினால் கப்புக்கு 100 கிராம் அளவில் வரும். மெல்லிய அரத்தகட்டுத் துருவியில் பஞ்சாக விழுவது அதில் பாதிகூட வராது. எந்தத் துருவி என்று சொல்லாத குறிப்பில் கப் கணக்கை நம்பவே வேண்டாம்.

கிரீம் சீஸ் கப்புக்கு சுமார் 230 கிராம், ரிக்கோட்டா 245 அளவில். இவற்றில் காற்று குறைவு, கணக்கு பெரிதாகப் பிசகாது. ஆனால் கப்பின் சுவரில் ஒட்டி நிற்பது வீணாகும். அதற்கு நல்ல வழி: டப்பாவோடு தராசில் வைத்து 'டெயர்' பொத்தானை அழுத்திப் பூச்சியமாக்குங்கள். கரண்டியால் எடுக்க எடுக்க −50, −120 என்று இறங்கும். −230 வந்ததும் நிறுத்தலாம். கழுவ வேண்டிய கப்பும் ஒன்று குறையும்.

எட்டு அவுன்ஸ் கிரீம் சீஸ் என்றால் அது நிறை, 227 கிராம். திரவ அவுன்ஸ் என்று எண்ணிக் கப்பில் அளக்க வேண்டியதில்லை.

வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பையும் அரிசி அளக்கும் சுண்டும் இந்தக் கணக்குக்கு உதவாது. கடையில் வாங்கிய அளவுக் கப்பையும் ஒருமுறை சோதியுங்கள்: தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, விளிம்புமட்டும் தண்ணீர் விடுங்கள். 237 கிராமை ஒட்டிக் காட்டினால் அமெரிக்க அளவு, 250 என்றால் மெட்ரிக். மெட்ரிக் கப்பில் துருவிய செடார் 119 கிராம் வரும்.

வீட்டுக்கு 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு தாராளம். அதன் குறை சிற்றளவில்தான். இரண்டு மூன்று கிராம் பார்மசானை மெல்ல மெல்லத் தூவினால் தராசு அதைக் கணக்கெடுக்காமல் பூச்சியத்திலேயே நிற்கும். வேறு கிண்ணத்தில் போட்டு ஒரேயடியாக வையுங்கள், அல்லது மேசைக்கரண்டியால் அளவுங்கள். பற்றரி இறங்கும்போது எண் தானாக ஏறி இறங்கும். அப்போது முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள். தராசு பழுதென்று தூக்கி வைக்க அவசரப்பட வேண்டாம்.

பீட்சாவுக்கு மேலே தூவுகிற மொசரெல்லாவுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை, கைக்கணக்கே போதும். சீஸ்கேக்குக்கும் சோஸுக்கும் மட்டும் தராசை எடுக்காமல் தொடங்காதீர்கள்.