வீல்சேரோடு காட்டு முகாமில் இரண்டு இரவு

எல்லோருக்கும் ஏற்ற முகாம் என்று விளம்பரம் பார்த்தால், போன் போட்டு முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை இடத்தில் என்னைத் தூக்க வேண்டியிருக்கும்? "அதெல்லாம் கவலைப்படாதீங்க மேடம், நாங்க தூக்கிடுவோம்" என்று பதில் வந்தால் அப்போதே வைத்துவிடுவேன். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஒன்பது வருடமாகிறது. இத்தனை வருடத்தில் உதவி செய்கிறேன் என்று தூக்கியவர்களால் பட்ட அடிதான் அதிகம்.

இந்த முகாமில் போனை எடுத்தவர், "இருங்க, அளந்து சொல்றேன்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனார். கழிப்பறை வாசல் 85 செ.மீ. கூடாரம் போட்டிருக்கும் மரமேடையின் உயரம் 46 செ.மீ. பாதையின் ஏற்றம், 20 அடி போனால் ஒரு அடி. அன்றே பதிவு செய்தேன். பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறைகளையும் சொல்லப்போகிறேன். அங்கேயே சொன்னபோது காதில் போட்டுக்கொண்டார்கள்.

கூட வந்தவள் என் தோழி. அவளுக்குப் பார்வை இல்லை. அவள் தள்ளுவாள், நான் வழி சொல்வேன். கல்லூரி நாட்களிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு.

பாதையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். கல்தூளைக் கொட்டி, நனைத்து, உருளை ஓட்டி இறுக்கியிருக்கிறார்கள். உதிரிச் சரளையாக இருந்தால் வீல்சேரின் சின்ன முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் ஆள் குப்புற விழவேண்டியதுதான். இங்கே முதல் நாள் மழை கொட்டியும், மறுநாள் ஒரே ஒரு வளைவில்தான் திணறினேன். பாதைக்காக மரம் வெட்டியதாகத் தெரியவில்லை. மரங்களைச் சுற்றிச் சுற்றித்தான் போகிறது, அதனால் கொஞ்சம் நீளம். பரவாயில்லை.

மேடை கிட்டத்தட்ட என் நாற்காலியின் உயரம். பக்கத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, கையை ஊன்றி நகர்ந்தால் கூடாரத்துக்குள் போய்விடலாம். உள்ளேதான் சிக்கல். மடக்குக் கட்டிலின் விளிம்பில் இரும்புக் குழாய் ஓடுகிறது. மற்றவர்களுக்கு அது உறுத்தும், புரண்டு படுப்பார்கள். எனக்கு உறுத்தாது. காலையில் கைக்கண்ணாடியும் டார்ச்சுமாகத் தோலைப் பார்த்தபோது தொடைக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. அழுத்தினால் வெளுத்தது, அதனால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சொன்னதும் தடித்த மெத்தை கொண்டுவந்து போட்டார்கள். முதல் இரவே போட்டிருக்கலாம்.

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அங்கே வேலை செய்யும் பையன் வெந்நீர்ப் பை கொண்டுவந்தான், காலடியில் வைத்துக்கொள்ள. நல்ல மனசுதான். ஆனால் சூடு தெரியாத காலில் அதை வைத்தால் காலையில் கொப்புளத்தோடுதான் எழுந்திருப்பேன். அவனிடம் விளக்கிச் சொன்னேன். அடுத்த நாள் இன்னொரு வீல்சேர்க்காரரிடம் பையைக் கொடுப்பதற்கு முன், "கால்ல உணர்ச்சி இருக்கா அண்ணா?" என்று அவன் கேட்பது காதில் விழுந்தது.

தீ மூட்டும் இடத்தைக் கல் அடுக்கி உயர்த்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் முகாம்களுக்காக 2013-இல் வந்த விதிகளிலேயே, தீ மூட்டும் தளம் தரையிலிருந்து குறைந்தது 9 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று உண்டு. உட்கார்ந்தபடியே எட்டும். வழக்கமாகத் தீயருகே எனக்குக் கிடைக்கும் வேலை வேடிக்கை பார்ப்பது. இரண்டு இரவும் விறகு தள்ளியது நான்தான்.

கழிப்பறைக்குப் போகும் வழியில் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு முடிச்சு வந்தால் வளைவு, இரண்டு வந்தால் வாசல். என் தோழிக்கு முகாமிலேயே பிடித்தது அதுதான். நடு இரவில் டார்ச் மங்கியபோது என்னை அழைத்துப்போனது அவள். "இப்ப தெரியுதா?" என்று ஒரே கிண்டல். அதே முகாமில் கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். பளபளக்கும் ரிப்பன் சுற்றியிருக்கிறது, அவளுக்கு அதனால் என்ன பயன்? இரண்டு முறை தடுக்கினாள்.

சரி, கழிப்பறை. கைப்பிடி, இருக்கை உயரம், உள்ளே திரும்ப ஐந்தடி இடம், எல்லாம் கச்சிதம். அந்த ஐந்தடிக்கு நடுவில் ஒரு குப்பைத்தொட்டி. வரைபடம் போட்டவர் விட்ட இடத்தில் சுத்தம் செய்பவர் எதையாவது வைத்துவிடுவார், நான் போன எல்லா இடத்திலும் இதே கதைதான். பெரிய குறை வேறு. சார்ஜ் போடும் இடம் அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பேட்டரி நாற்காலியில் வந்திருந்தவருக்கு இரவெல்லாம் நாற்காலி அங்கே, ஆள் இங்கே. நடுவில் அவசரம் என்றால் பையனைக் கூப்பிட வேண்டும். இதைச் சரிசெய்யும் வரை பேட்டரி நாற்காலிக்காரர்கள் யோசித்துப் போவது நல்லது.

என்னைப் போல் கையால் ஓட்டுபவர்கள் தாராளமாகப் போகலாம். முள் குத்தினாலும் காற்றுப் போகாத டயர் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் சக்கர வளையமெல்லாம் பனி ஈரம், கையுறை இல்லாமல் வழுக்கும்.

கடைசி நாள் ஓடைக்குப் போனோம். தண்ணீருக்குப் பதினைந்து மீட்டர் இருக்கும்போதே பாதை முடிந்துவிட்டது. அப்புறம் வெறும் மணல். "தூக்கிட்டுப் போயிடலாமா அக்கா?" என்று அந்தப் பையன் கேட்டான், இரண்டு நாளில் முதல் முறையாக. வேண்டாம் என்றேன். மணலில் வீல்சேரைத் தள்ளக் கூடாது, திருப்பிப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். பெரிய சக்கரம் முன்னால் போனால் புதையாது. தோழி இழுத்தாள். எனக்கு வந்த வழிதான் தெரிகிறது, அவளுக்கு எந்த வழியும் தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தை வைத்துக்கொண்டு நேராகப் போனாள். ஓடைக்குள் கெட்டியான கற்கள். அங்கே நாற்காலியைத் திருப்பி இன்னும் இரண்டடி தள்ளினாள்.

"கால் நனைஞ்சுதாடி?"

"இரு, குனிஞ்சு பாத்துச் சொல்றேன்."