இருட்டில் மணி பார்க்க: டிரிட்டியம் குழாயா, லூமினோவா பூச்சா?

பாரி கோஹன் 1989-ல் அமெரிக்காவில் தொடங்கிய வாட்ச் பிராண்டான லூமினாக்ஸ், 1990-களில் அந்நாட்டுக் கடற்படையின் 'சீல்' சிறப்புப் படை வீரர்களின் மணிக்கட்டில் ஏறிய பிறகுதான் பேர் வாங்கியது. அதற்குக் காரணமான ஒளிரும் குழாய்களைச் செய்வது சுவிட்சர்லாந்தின் எம்பி-மைக்ரோடெக் நிறுவனம். மெல்லிய கண்ணாடிக் குழாய். உட்சுவரில் ஒளிர்பொடி, உள்ளே டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் வாயு. வாயுவிலிருந்து வரும் எலக்ட்ரான் பொடியில் பட்டால் ஒளி. வெயிலில் காட்டவே வேண்டாம். அந்த எலக்ட்ரானுக்குக் கண்ணாடியைத் தாண்டும் வலு இல்லை, பயம் வேண்டாம்.

ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த லூமினோவா வேறு ரகம். ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சு, வெளிச்சத்தை வாங்கி வைத்துத் திருப்பித் தரும். விளக்கணைத்ததும் குழாயைத் தோற்கடிக்கும் பளபளப்பு. ஆனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெருமளவு இறங்கிவிடும். விடிகாலை மூன்று மணிக்குக் குழாய்தான் ஜெயிக்கும். சட்டைக் கைக்குள் நாள் முழுக்க மூடிக்கிடந்த வாட்ச் என்றால் பூச்சு ஏறக்குறைய சும்மா.

குழாயின் பலவீனம் வயது. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு. 25 ஆண்டில் கால்வாசி வாயுதான் மிஞ்சும், பொடியும் தேய்ந்திருக்கும். மறுபடி நிரப்ப வழியில்லை. முள், டயல் மாற்றணும், செலவு கடிக்கும். பழைய லூமினாக்ஸ் வாங்குபவர்கள் தயாரித்த ஆண்டை முதலில் கேளுங்கள், இருட்டறையில் ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். ஒன்று மட்டும் அணைந்திருந்தால் அது விரிசல், வயதல்ல.

பூச்சுக்கு அரை ஆயுள் கிடையாது. ஈரம்தான் எதிரி: வாட்டர் சீல் போய் நீராவி புகுந்தால் பொடி கெட்டுவிடும். வெயிலில் வேலை செய்பவருக்குப் பூச்சே போதும். இரவுக் காவலுக்குக் குழாய்.