கறிவேப்பிலைப் புழுவை எந்தத் தளத்தில் காட்டலாம்?

தாவரம், விலங்கு, சூழலியல் மூன்றையும் இணையத்தில் படிக்க எந்தத் தளம் நல்லது என்று கேட்பவர்களிடம், முதலில் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பது போல ஒரு புழு கிடைக்கக்கூடும். கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பை நீட்டும், கூடவே ஒரு நெடியும் வரும். அதே புழுவை ஒவ்வொரு தளத்திலும் காட்டினால் எது எதற்கு லாயக்கு என்று தெரிந்துவிடும்.

முதலில் எல்லோரும் போவது, படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் கூகுள் லென்ஸுக்கு. ஒரு நொடியில் பெயர் வரும். அது சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை, நீங்கள் எடுத்த படமும் எந்தப் பதிவிலும் சேராது. அவசரத்துக்குச் சரி, படிப்புக்கு உதவாது. சின்னப் பிள்ளைகளுக்கு 'சீக்' செயலி பரவாயில்லை. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கேமராவைக் காட்டினாலே குடும்பம், பேரினம், இனம் என்று படிப்படியாக இறங்கிப் பெயர் சொல்லும். நிச்சயமில்லாதபோது பேரினத்தோடு நின்றுவிடும். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

'சீக்'கை உருவாக்கியவர்கள்தான் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தையும் நடத்துகிறார்கள். 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மூன்று மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கி, 2023இல் தனி லாப நோக்கற்ற அமைப்பாகிவிட்டது. படம், தேதி, இடம் மூன்றையும் போட்டால் கணினி சில பெயர்களைப் பரிந்துரைக்கும். அதற்கு அப்புறம்தான் தளத்தின் அசல் வேலை. எங்கிருந்தோ ஒருவர் வந்து 'ஆமாம்' என்பார், இன்னொருவர் 'இல்லை, இது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு' என்பார். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் ஒத்துப்போனால்தான் 'ரிசர்ச் கிரேடு' (ஆய்வுத் தரம்) முத்திரை விழும். கறிவேப்பிலையில் வரும் காமன் மார்மன் பட்டாம்பூச்சியும் எலுமிச்சையை விரும்பும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியும் இளம் புழுப் பருவத்தில் இரண்டுமே எச்ச வேடம் போடுபவை. இரண்டுமே இரண்டு செடிகளிலும் முட்டையிடக்கூடியவை. அதனால் இங்கே வாக்குவாதம் நடப்பது இயல்பு. அந்த வாக்குவாதத்தைப் படிப்பதே ஒரு பாடம்.

இன்னொரு நுணுக்கம். தொட்டியில் நட்ட கறிவேப்பிலையைப் பதிந்தால் அது 'வளர்க்கப்பட்டது' என்ற வகைக்குப் போய், ரிசர்ச் கிரேடு கிடைக்காமல் 'காஷுவல்' (சாதாரணப் பதிவு) என்று நிற்கும். அதே செடியில் தானாக வந்த புழு காட்டுயிர். ஒரே படம், இரண்டு பதிவு, இரண்டு மதிப்பு. வளர்ப்புக்கும் இயற்கைக்கும் சூழலியலில் ஏன் கோடு போடுகிறார்கள் என்று பாடநூல் ஒரு பக்கம் எழுதினாலும் இவ்வளவு சீக்கிரம் மண்டையில் ஏறாது.

குறையும் உண்டு. புதிதாக வருபவர்கள் கணினி சொன்ன முதல் பெயரை அப்படியே போடுவார்கள், நண்பர் வந்து 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்துவார், முத்திரை விழுந்துவிடும். புல், பாசி, சிறு வண்டு என்றால் பார்த்துச் சொல்ல ஆள் குறைவு, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெயர் கிடைத்த பிறகு 'இது என்ன தின்னும், எது இதைத் தின்னும்' என்று கேட்டால் ஐநேச்சுரலிஸ்ட் விக்கிப்பீடியாப் பத்தியைக் காட்டும். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

அந்த இடத்தில் ஜெயிப்பது பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் நடத்தும் 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா'. ஐஃபவுண்ட்பட்டர்ஃபிளைஸ் என்ற முகவரியால் பலருக்குத் தெரியும். நீங்கள் அனுப்பும் படத்தை விவரம் தெரிந்தவர்கள் பார்த்த பிறகுதான் அது பக்கத்தில் ஏறும். ஓட்டெடுப்பு கிடையாது. ஒவ்வொரு இனத்துக்கும் ஆண், பெண், முட்டை, புழு, கூட்டுப்புழு என்று தேதியும் இடமும் போட்ட படங்கள், கூடவே புழு தின்னும் செடிகளின் பட்டியல். காமன் மார்மன் பக்கத்தைத் திறந்து பெண்களின் படங்களை வரிசையாகப் பாருங்கள். ஒரு வடிவம் ஆணைப் போலவே இருக்கும், இன்னொன்று காமன் ரோஸ் என்ற வேறு பட்டாம்பூச்சியைப் போல இருக்கும், மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல. அந்த இரண்டு ரோஸ்களின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளைக் குடும்பத்துக் கொடிகளைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்ப்பவை, அதனால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. நஞ்சில்லாத மார்மன் பெண் அந்த வேடத்தைப் போட்டுத் தப்பிக்கிறது. வேடத்தைத் தீர்மானிப்பது 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணு என்று 2014இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் குண்டேயும் ஒருவர்.

ஆடு தொடாத ஒரு கொடி, அதைத் தின்னும் புழு, அந்தப் பட்டாம்பூச்சியைப் பார்த்து வேடம் போடும் இன்னொன்று, அது முட்டையிட வந்த நம் வீட்டுக் கறிவேப்பிலை. தாவரவியலும் விலங்கியலும் சூழலியலும் மரபியலும் ஒரே பக்கத்திலிருந்து கிளைக்கின்றன. நான் பார்த்த தளங்களில் இந்த அளவுக்கு ஆழம் வேறெதிலும் இல்லை. என்ன, பட்டாம்பூச்சிக்கும் அதன் துணைத் தளங்கள் பார்த்துக்கொள்ளும் அந்துப்பூச்சி, தும்பி, சில்வண்டு போன்ற சில குழுக்களுக்கும் வெளியே போனால் வழியில்லை. மொத்தமும் ஆங்கிலம்.

2008 முதல் நடக்கும் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பதில் எனக்கே குழப்பம்தான். இனப் பக்கம், வரைபடம், ஆவணம் எல்லாம் ஒரே இடத்தில், உள்ளூர் மொழிப் பெயர்களுக்கும் இடம் உண்டு. எண்ணம் அருமை. ஆனால் கூட்டம் குறைவு. பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தேடிப் படிக்கப் போகலாம், உடனடிப் பதிலுக்கு ஐநேச்சுரலிஸ்ட்.

செடி என்று வந்தால் கதை மாறும். செடியை அடையாளம் காண ஒரு படம் போதாது. இலையடி, பூவின் உட்புறம், காய் எல்லாம் வேண்டும். ஈஃப்ளோரா ஆஃப் இந்தியா என்ற இணையக் குழுவில் இவற்றைக் கேட்டு வாங்குவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர், காயவைத்த செடிகளைச் சேர்த்துவைக்கும் உலர்தாவரகங்களில் பழகியவர்கள். முகப்பு பழைய காலத்துத் தோற்றம்தான், பொறுத்துக்கொள்ளலாம். பெயர் மட்டும் சரிபார்க்க வேண்டுமென்றால் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்' போதும். கறிவேப்பிலைக்குப் பாடநூல்களில் நாம் படித்த 'முர்ரையா கொயினிகி' அங்கே பழைய பெயர், இப்போது ஏற்கப்படுவது 'பெர்கெரா கொயினிகி'. ஐநேச்சுரலிஸ்டும் கியூவின் பட்டியலைத்தான் பின்பற்றுகிறது. அதனால் புத்தகத்தில் ஒரு பெயர், தளத்தில் வேறு பெயர் என்றால் பயப்பட வேண்டாம், செடி ஒன்றுதான். கொயினிகி யார் என்று கேட்டால், 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கொயினிக்; உயிரினங்களுக்கு இருசொல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர்.

இனி சூழலியல். ஐநேச்சுரலிஸ்டுக்கும், பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பறவை, பூச்சி என்ற பிரிவினையோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு. ஐநேச்சுரலிஸ்ட் 'எதைப் பார்த்தாய்?' என்று கேட்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்ட், அதோடு 'எவ்வளவு நேரம் பார்த்தாய், எத்தனை கிலோமீட்டர் நடந்தாய், அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டாயா?' என்றும் கேட்கிறது. அந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்ன பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அன்றைக்கு அங்கே சிட்டுக்குருவி கண்ணில் படவில்லை என்று பொருள். 'இல்லை' என்பதும் ஒரு தரவாகிவிடுகிறது. ஐநேச்சுரலிஸ்டில் சிட்டுக்குருவிப் பதிவு இல்லையென்றால் யாரும் படம் எடுக்கவில்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

இதன் பலன் ஈபேர்டின் பட்டை வரைபடத்தில் தெரியும். உங்கள் மாவட்டத்தைப் போட்டு ஆறுமணிக் குருவியைத் தேடுங்கள். வட, மத்திய இந்தியாவில் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை அது. ஆண்டின் நடுவில் வெறுமையாகவும் இரு ஓரங்களில் பச்சைக் கோடுகளாகவும் அதன் வலசை அப்படியே விரியும். மொத்தப் பட்டியல்களில் எத்தனையில் அது இருந்தது என்ற விகிதத்தை வைத்துத்தான் கோட்டின் தடிமன். முழுப் பட்டியல்கள் இல்லையென்றால் இந்தப் படமே வரைய முடியாது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வெளியான அறிக்கை 942 இனங்களை மதிப்பிட முடிந்ததும் ஈபேர்டில் குவிந்த இத்தகைய பட்டியல்களால்தான். பறவை தெரியாது என்பவர்கள் கூடவே மெர்லின் செயலியை வைத்துக்கொள்ளலாம், குரலைக் கேட்டே பெயர் சொல்லும். ஆனால் மெர்லின் சொன்னதைக் கண்ணால் பார்க்காமல் ஈபேர்டில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பறவை பார்க்கப் பொறுமையில்லை, வீட்டு வாசலில் ஒரு மரம்தான் இருக்கிறது என்றால் சீசன்வாட்ச். ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, துளிர், மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று குறித்தால் போதும். கேரளப் பள்ளிகளில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. நம் பக்கம் கொன்றையும் வேம்பும் புளியும் தெருவுக்குத் தெரு இருந்தும் அந்த அளவுக்கு ஆள் சேரவில்லை என்பது ஆச்சரியம்தான்.

பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கோட்பாட்டை எங்கே படிப்பது? தமிழில் என்றால் தயங்காமல் சொல்வேன், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல், விலங்கியல் நூல்கள். பிடிஎஃப் இலவசம். கலைச்சொற்கள் கரடுமுரடாக இருந்தாலும் ஒழுங்கான தமிழில் முழுப் பாடமும் இருக்கிறது. நீட் தேர்வுக்காக மத்திய அரசின் என்சிஇஆர்டி நூலை மட்டும் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாடச்சுமைக் குறைப்பில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலிருந்து 'சுற்றுச்சூழல் பிரச்சினைகள்' அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள். தேர்வுக்கு வேண்டாம் என்றாலும், மாநிலப் பாடநூலில் அந்தப் பகுதியைப் படித்துவிடுவது நல்லது.

ஆங்கிலம் பழகியவர்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸின் உயிரியல் நூல் இலவசம், தெளிவு, கொஞ்சம் சவசவ. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கா. ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் விரிவுரைகள் பார்க்க இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பேராசிரியரைப் பொறுத்துத் தரம் ஏறி இறங்கும். இந்த இரண்டையும்விட நான் பரிந்துரைப்பது எச்எச்எம்ஐ பயோஇன்டராக்டிவ் என்ற தளத்தை. வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1963இல், சிப்பிகளைத் தின்னும் நட்சத்திர மீன்களைப் பிடுங்கிக் கடலில் வீசியதையும், பிறகு சிப்பி ஒன்றே பாறையை ஆக்கிரமித்ததையும் குறும்படமாகக் காட்டிவிட்டு, தரவை உங்கள் கையில் கொடுத்து 'நீயே வரைபடம் போட்டுப் பார்' என்று விட்டுவிடுவார்கள். விடையைச் சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் அதன் சிறப்பு.

கல்லூரித் திட்டக்கட்டுரைக்குத் தரவு வேண்டுபவர்கள், உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்துக்குப் போகலாம். ஐநேச்சுரலிஸ்டின் ரிசர்ச் கிரேடு பதிவுகளும் ஈபேர்டும் அங்கே சேர்கின்றன. பதிவிறக்கினால் மேற்கோள் காட்ட நிலையான எண்ணும் கிடைக்கும். இறக்கிய கையோடு புள்ளிகளை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். பெருநகரம், பெருஞ்சாலை, சுற்றுலா மலை ஆகிய இடங்களில் மொய்த்திருக்கும். அது உயிரினங்கள் எங்கே அதிகம் என்ற படம் என்று எழுதிவிடாதீர்கள். ஆட்கள் எங்கே போனார்கள் என்ற படமும் அதில் கலந்திருக்கிறது, வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.