வாசலில் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

மொரீஷியஸில் இருக்கும் நம்மவர்களுக்கும், ஊரிலிருந்து பெரியவர்களை இங்கே அழைத்து வரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் தெற்குப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்துக்குப் போனோம். அருவி, மழைக்காடு, நடைபாதை, வாழையிலைச் சாப்பாடு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். என் அத்தை மணிக்கட்டு எலும்பு முறிந்து திரும்பினார்கள். தோட்டத்தின் பெயரை எழுத முடியாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அத்தையும் மாமாவும் தென்காசியிலிருந்து முதல்முறையாக வந்திருக்கிறார்கள். தீபாவளிக்கு எங்களோடு இருப்பதாகத் திட்டம். கடலை இரண்டு நாள் பார்த்ததும் மாமாவுக்கு அலுத்துவிட்டது. "அருவி ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், வேறென்ன கேட்பார்?

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அனுப்பியவர் இந்தத் தீவுத் தமிழர். தமிழில் வணக்கம் மட்டும் சொன்னார், மற்றதெல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோல். வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் குடும்பம் என்று சொல்லிப் படமும் அனுப்பினார். நாங்கள் வேறு எதையும் விசாரிக்கவில்லை. பெரியவர்களுக்குத் தலைக்கு 1,500 மொரீஷியஸ் ரூபாய், பையனுக்கு 750, ஆக மொத்தம் 6,750. வழிகாட்டி கூடவே வருவார், மதியம் வாழையிலையில் ஏழு கறி என்றார். இங்கே தமிழர் கல்யாணத்திலும் கோயிலிலும் போடும் சாப்பாடு அது. அத்தை வெளியில் சாப்பிடத் தயங்குவார்கள், அதனால் எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஜூஸ் செயலியில் 3,000 முன்பணம் அனுப்பிவிட்டோம். ரசீது கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் படம்தான் வந்தது.

வாசலில் மீதி 3,750ஐக் கொடுத்ததும், உள்ளூர்க்காரர் கட்டணம் வாரநாளுக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை தலைக்கு 600 கூடுதல் என்றார்கள். பெரியவர்கள் நான்கு பேருக்கு 2,400. ஒன்றரை மணி நேரம் காரில் வந்தாகிவிட்டது, பையன் அதற்குள் கேட்டுக்கு உள்ளே ஓடிவிட்டான். அதையும் கொடுத்தோம். அதோடு சேர்த்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். முழுக்கப் பிரெஞ்சு, பொடி எழுத்து. "வருகைப் பதிவுதான், இங்கே ஒரு கையெழுத்து" என்றார் கவுண்ட்டரில் இருந்த பெண். எங்களுக்குப் பின்னால் வரிசை. என் கணவர் போட்டுவிட்டார்.

வழிகாட்டி முதல் திருப்பம் வரை வந்தார். நேராகப் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போய்விட்டார்.

காடு பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக இந்தத் தீவில் நடக்கிறவள் நான். மொரீஷியஸின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. டச்சுக்காரர்கள் கருங்காலி மரத்தை வெட்டிக் கப்பலேற்றத் தொடங்கியது 1600களில். அதற்குப் பின் கரும்பு வந்தது. மிச்ச இடத்தை வெளியிலிருந்து கொண்டுவந்த சீனக் கொய்யாவும் விசிறி வாழையும் பிடித்துக்கொண்டன. அன்று நாங்கள் பார்த்தது அந்தச் சீனக் கொய்யாப் புதர்தான், ஆளை மறைக்கும் உயரத்துக்கு. ஒரு கருங்காலிகூட இல்லை. அதன் நடுவே "ஆதி மழைக்காடு" என்று பலகை நட்டிருந்தார்கள். கண்காணாத ஊரிலிருந்து வருகிறவர் அதை நம்பித்தானே படம் எடுத்துக்கொண்டு போவார்? எனக்கு மனசு ஆறவில்லை.

அருவியில் தண்ணீர் இல்லை. ஈரப் பாறை, கீழே ஒரு குட்டை, அவ்வளவுதான். இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் மழை குறைந்த காலம், டிசம்பருக்கு மேல்தான் பிடிக்கும். அது எனக்கும் தெரியும், விளம்பரப் படத்தைப் பார்த்ததும் மறந்துபோனேன். மாமா பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சீசன் இல்லாதப்ப குத்தாலத்துக்கு வந்தா நாங்க வேணாம்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவோம்மா" என்றார்.

திரும்பும் வழியில் கல்படி. பச்சையாகப் பாசி. பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தார்கள், ஆனால் அதன் ஒரு முனையை மரத்தோடு பிணைத்திருந்தது உரச்சாக்கு தைக்கிற நீல நிறப் பிளாஸ்டிக் நூல். அத்தை பிடித்ததும் அது அறுந்தது. விழும்போது இடது கையை ஊன்றினார்கள். சத்தம் எனக்குக் கேட்டது. போனில் சிக்னல் இல்லை. புடவைத் தலைப்பால் கையைத் தூக்கிக் கட்டி, ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வர நாற்பது நிமிடம் ஆனது. வழியில் தோட்டத்து ஆள் ஒருவர்கூட இல்லை.

கவுண்ட்டரில் முதலுதவிப் பெட்டி இல்லை, ஐஸ் இல்லை. மேலாளர் வந்தார். கையைப் பார்க்கவில்லை, அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினார். என் பையன் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறான், ஒன்பது வயது. அவன்தான் வரிக்கு வரி விரல் வைத்து வாசித்து எங்களுக்குச் சொன்னான்: விழுந்தால், அடிபட்டால், நிர்வாகம் பொறுப்பில்லை. எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது. வழிகாட்டி இல்லாமல் நடக்க நாங்களே சம்மதிக்கிறோம். கடைசி வரியை வாசித்துவிட்டு அவன் அழுதுவிட்டான், ஆச்சிக்கு ஆனது தன்னால்தான் என்று. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

சாப்பாடு பற்றிக் கேட்கக்கூட நேரமில்லை. கிளம்பும்போது பார்த்தேன், பாத்திரத்தில் சோறும் கீரைத் தண்ணியும், பக்கத்திலேயே மீன். ரோஸ் பெல் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே நன்றாகப் பார்த்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அப்புறம் பணத்தைக் கேட்டோம். தோட்டத்தில், விளம்பரம் அனுப்பிய ஆள் எங்களுடையவர் இல்லை என்றார்கள். அந்த ஆள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். சுற்றுலா ஆணையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இங்கே சுற்றுலாத் தொழில் செய்ய அந்த ஆணையத்தின் உரிமம் வேண்டும். பணம் அனுப்பும் முன் உரிம எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். அன்றைக்குக் காலையில் எடுத்த அருவி வீடியோவைக் கேளுங்கள். கட்டணத்தில் எது எது அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். காகிதம் புரியாவிட்டால் வரிசை நின்றால் நிற்கட்டும், போனில் படம் பிடித்து, தெரிந்தவர் யாருக்காவது அனுப்பிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆம்புலன்ஸ் எண் 114, அதையும் போனில் பதிந்து வையுங்கள்.

பெரியவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போக ஆசை என்றால் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1994இல் அறிவித்தது, உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அலெக்ஸாண்ட்ரா அருவியைப் பார்க்கும் மேடை சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான், முழங்கால் வலி உள்ளவர்களும் போகலாம். நல்ல காடு வேண்டுமானால் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது.

நேற்று என் தோழிக்கு அதே விளம்பரம் வேறு பெயரில், வேறு எண்ணிலிருந்து வந்திருக்கிறது. இடது ஓரம் விசிறி வாழை, நடுவில் வெள்ளமாகக் கொட்டும் அருவி, அதன் கீழே சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையன். இப்போது தலைக்கு 2,000 கேட்கிறார்கள். அந்தப் படம் உங்களுக்கு வந்தால், இந்தப் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.