ரேடியேட்டருக்கு எது சரி: போர் தண்ணீரா, ரெடிமிக்ஸா, கான்சன்ட்ரேட்டா?

சூட்டை வாங்கிக்கொள்ளும் திறனை மட்டும் பார்த்தால் தண்ணீர்தான் முதலிடம். கிளைகால் என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அதைவிட ஒரு படி குறைவே. ஆனாலும் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு சூடேறியதும் பிரிந்து, வாட்டர் ஜாக்கெட்டின் (இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழி) சுவரில் படிந்துவிடும். அந்தப் படிவம் சூட்டை வெளியே விடாது. அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். அதன் வழியே தண்ணீர் ஆயிலில் கலக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கில் படலமாக நிற்காது. செலவு கிராங்க் வரை போகும்.

வெட் லைனர் (வெளிப்பக்கம் நேராகக் கூலன்டில் நனையும் சிலிண்டர் குழாய்) உள்ள டீசல் இன்ஜினில் வேறொரு ஆபத்து. லைனர் அதிரும்போது வெளிப்பக்கம் உண்டாகும் குமிழிகள் வெடித்து வெடித்து, இரும்பை ஊசித்துளையாக அரிக்கும். கூலன்டில் உள்ள ரசாயனம்தான் அங்கே கவசம்.

கொதிநிலையிலும் கூலன்டே மேல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால் கலவை சுமார் 107-இல். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்தால் இரண்டுக்குமே இன்னும் கூடும். மூடியின் ரப்பரோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருந்தால் எதை ஊற்றினாலும் பொங்கும்.

சரி, ரெடிமிக்ஸா கான்சன்ட்ரேட்டா? ரெடிமிக்ஸ் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வருவது, கான்சன்ட்ரேட் என்றால் நாமே தண்ணீர் கலக்க வேண்டியது. டாப்-அப் செய்ய ரெடிமிக்ஸ் போதும், அதுவும் ஏற்கெனவே உள்ள அதே வகை. முழுசாக மாற்றும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 5 லிட்டர் பிடிக்கும் வண்டியைத் தண்ணீரால் ஃப்ளஷ் செய்து திறந்துவிட்டால் 3 லிட்டர்தான் இறங்கியது என்று வையுங்கள். பாக்கி 2 லிட்டர் தண்ணீர் பிளாக்கிலேயே நிற்கும். மேலே 3 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் கிளைகால் 30 சதவீதம்தான். அதற்குப் பதில் இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டால் கணக்கு சரியாக வரும். கடைசி ஃப்ளஷ்ஷும் டிஸ்டில்டு வாட்டரிலேயே இருக்கட்டும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். சிலிகேட் சேர்ந்த பழைய வகை பொதுவாக 2 வருஷம், ஆர்கானிக் ஆசிட் வகை 5 வருஷம் வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் சக்தி குறைந்துவிடும், சிலசமயம் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். மேனுவலில் சொன்ன வகையே வாங்குங்கள்.

வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். நாயோ குழந்தையோ குடித்தால் சிறுநீரகம் செயலிழக்கும்.