பி.எம். பிளஸ் கைநூல்: வன்னிக்குத் தோதுப்படுமா?

மனச்சோர்வுக்குப் புதிதாக வந்த சிகிச்சைகளில் அதிகம் பேசப்படுவது மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமின் என்ற மருந்து. அமெரிக்காவில் 2019 இல் அனுமதி கிடைத்தது. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தரம் அடிக்க வேணும். ஒவ்வொரு தரமும் இரண்டு மணித்தியாலம் ஆளைக் கண்காணிப்பில் வைத்திருக்க வேணும். அன்று வாகனம் ஓட்டக்கூடாது. வட இலங்கையின் வன்னியில், ஒரு நாளைக்கு இரண்டு பஸ் போகிற ஊரில் இது நடக்கிற காரியமில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2016 இல் வெளியிட்ட பி.எம். பிளஸ் (Problem Management Plus, மனத்துயரில் இருப்பவர்களுக்கு மருந்தில்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் உதவும் முறை) வேறு சாதி. கைநூல் இலவசம். வாரம் ஒன்றாக ஐந்து சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். நடத்துபவர் வைத்தியராக இருக்கத் தேவையில்லை, பயிற்சி பெற்ற ஊர்ப் பிள்ளை போதும். பாகிஸ்தானின் பெஷாவரில் 346 பேரிடமும் கென்யாவின் நைரோபியில் 421 பெண்களிடமும் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பி.எம். பிளஸ் பெறாத குழுவைவிடப் பெற்றவர்களின் துயரம் குறைந்திருந்தது. மாயமில்லை, மிதமான பலன்தான்.

முதல் சந்திப்பில் மூச்சுப் பயிற்சி. கையை வயிற்றில் வைத்து, மூன்று எண்ணும்வரை இழுத்து, மூன்று எண்ணும்வரை விடுவது. வழமையாகப் பிழை விடுகிற இடம் ஒன்றுண்டு: நெஞ்சு பதகளிக்கிற ஆளிடம் "ஆழமா இழுங்கோ" என்றால் வேகமாக இழுத்துத் தலை சுற்றிப்போகும். "மெதுவா" என்ற சொல்லை மட்டும் பாவியுங்கள்.

கைநூலின் உயிர் இரண்டாவது சந்திப்பில் இருக்கிறது. பிரச்சினைகளைத் தீர்க்கக்கூடியது, தீர்க்க இயலாதது, முக்கியமில்லாதது என்று பிரிக்கச் சொல்கிறது. மகன் காணாமல் ஆக்கப்பட்ட தாயிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டி, "இது தீர்க்க இயலாதது" என்று பெட்டியில் போட்டால் அவ அடுத்த கிழமை வரமாட்டா. வர வேண்டியதுமில்லை. மகன் எங்கே என்ற கேள்வியை எந்தப் பெட்டியிலும் போடாமல், அதைச் சுற்றிக் கிடப்பவற்றை எடுக்க வேணும்: இரவில் நித்திரை இல்லை, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டப் பந்தலுக்குப் போக பஸ் காசில்லை, மூத்தவளோடு கதை பேச்சில்லை. இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்து, அந்தக் கிழமைக்கு என்ன, எப்போது, யாரோடு என்று எழுதுவதுதான் வேலை. கைநூலில் இப்படியான உதாரணம் போதாது. உள்ளூரில் எழுதிச் சேர்க்க வேணும்.

மூன்றாவது, விட்ட வேலைகளைச் சிறு துண்டாகத் திரும்பத் தொடங்குவது. நான்காவது, ஆள் துணையைப் பலப்படுத்துவது. ஐந்தாவது மீட்டிப் பார்ப்பது. இவை நேராகவே ஓடும்.

நாள் குறிப்பதில் கவனம். காலபோக அருவி வெட்டுக் காலத்தில் (பெரும்போக நெல் அறுவடையில்) தொடங்கினால் இரண்டாவது கிழமையே ஆள் வராது. நுண்கடன் கட்டுகிற நாளையும் தவிருங்கள். வீட்டில் வைத்து நடத்தினால் குசினிக்குள் இருந்து மாமி கேட்டுக்கொண்டிருப்பா. முன்பள்ளி மண்டபம் பின்னேரத்தில் திறந்து கிடைத்தால் அதுவே மேல்.

பயிற்சி ஏறத்தாழ 80 மணித்தியாலம். பிறகு இரண்டு பேரையாவது மேற்பார்வையோடு முழுசாக நடத்தி முடித்திருக்க வேணும். வாராந்த மேற்பார்வையும் உண்டு. திட்டக் காசு குறைந்தால் முதலில் வெட்டுப்படக்கூடியது இதுதான், ஆனால் ஆய்வுகளில் பலன் காட்டியது மேற்பார்வையோடு நடந்த வடிவம். அதை வெட்டிவிட்டு "பி.எம். பிளஸ் செய்தோம்" என்று அறிக்கை எழுதுவது பம்மாத்து.

ஒவ்வொரு சந்திப்பிலும் ஆள் தன் வாயால் சொன்ன பிரச்சினைக்கு 0 முதல் 5 வரை புள்ளி கேட்பார்கள். எண் விளங்காதவர்களுக்கு ஐந்து கல்லை முன்னால் வைத்தால் சுகம்.

உயிரை மாய்க்கும் திட்டம் உள்ளவர், யாருமில்லாமலே குரல் கேட்பவர், கடும் குடிப்பழக்கம் உள்ளவர் இதற்குரியவர்கள் அல்ல. அவர்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போக வேணும். திட்டம் சொன்னவரைத் தனிய விட்டுப் போகாமல் கூட்டிப்போங்கள். 1926 இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம். கிளினிக்கில் மனச்சோர்வுக்குப் புளூஒக்செட்டின் குளிசை எடுப்பவர் இதில் சேரலாம், குளிசையை நிறுத்தாமல்.